மணியத்தின் ரைட்

மணியத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தினான், பாவி! ஆள் ஏறியதும் 'ரைட்'. சீட்டு வாங்காமல் நழுவுகிறவனை முறைத்துக்கொண்டு 'ரைட்டு...' குழம்பில் உப்பு சரியாக இருந்தால் 'ரைட்'. பெண்டாட்டி செல்லம் சண்டைக்கு வந்தால் 'ரைட், ரைட், ரைட்' என்று மூன்று. அவள் சிரித்துவிடுவாள்.

மலாயாவில், செனாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஓடும் பஸ்ஸில் அவன் கண்டக்டர், நான் டிரைவர். அவன் 'ரைட்' சொல்லாமல் வண்டியை நகர்த்தமாட்டேன். ஒருமுறை அவசரப்பட்டு எடுத்து, ஒரு சீனக் கிழவரைக் கூடையோடு ரோட்டில் உருட்டிவிட்டேன். அன்றைக்கே முருகன்மேல் சத்தியம் செய்தேன்.

முப்பத்திரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்த மறுவாரம், காலையிலேயே செல்லத்துக்கு வலி எடுத்துவிட்டது. வழியில், அவர்கள் வீடு இருக்கும் ஸ்கூடாயில் நாலு பெண்கள் தாங்கிவந்து பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். அவளுடைய முதல் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இதே ரோட்டில், இதே பஸ்ஸில் இறந்து பிறந்தது.

இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். 'ரைட்'டைக் காணோம். திரும்பிப் பார்த்தால் மணியம் படியில் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான். உதடு ஆடுகிறது, குரல் வரவில்லை.

"டேய், சொல்லித் தொலைடா!"

"முடியலண்ணே. போன தடவையும் நான்தானே ரைட் சொன்னேன்."

சத்தியமாவது மண்ணாவது என்று கியரில் கை வைத்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து செல்லம் போட்டாள் ஒரு சத்தம்.

"வேலண்ணே! எல்லாரும் ஏறியாச்சு. ரைட்! போங்க!"

எடுத்தேன் பாருங்கள், ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினேன். வழியில் கைகாட்டி நின்றவர்கள் என் பரம்பரையையே திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது, முழுசாக, கறுகறுவென்று முடியோடு. பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப்பேர் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார்கள். குழந்தையைக் கையில் வாங்கியதும் மணியம் விக்கி விக்கி அழுதான். நானும்தான், சொல்வதில் என்ன வெட்கம்?

"என்னங்க, அண்ணன் எவ்வளவு நேரம்தான் நிப்பாரு?" என்றாள் செல்லம் கட்டிலிலிருந்து. "பஸ்ஸு வேற வாசல்ல நிக்குது. பிள்ளை காதுல ஏதாச்சும் சொல்லிட்டுக் கிளம்புங்க."

அவன் குனிந்தான். குழந்தையின் காதோடு காதாக, மெதுவாக, "ரைட்" என்றான்.

நான் போய் வண்டியை எடுத்தேன்.