கம்பளியைத் தொடலாம்

1.

"இந்த வேலை வேண்டாம். விட்டுடுங்கோ."

புருஷனிடம் ஒருநாளும் இப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் காமு. கேட்டுவிட்டாள். (முதலில் "ஹூக்ளியின் மேல் மூடுபனி" என்று தொடங்கியிருந்தேன். மூடுபனிக்கு இங்கே வேலையில்லை. அடித்துவிட்டேன்.)

கதை பிறந்தது ஹவுராவில், நான் நின்ற ரயில்வே கண் பரிசோதனை வரிசையில். நிறச் சோதனை அட்டையில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண் என்ன என்று பின்னால் நின்றவன் கிசுகிசுப்பாகக் கேட்டான். நான் சொல்லவில்லை. அவன் முகம் என்னை விடவில்லை.

2.

1908. காமுவின் புருஷன் மஹாதேவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். சிறுவயதில் கல்யாணம், கல்கத்தாவில் அப்பா வீட்டிலேயே காத்திருக்கிறாள். அவனுக்கு ரயிலில் கார்டு வேலை கிடைத்தால்தான் குடித்தனம்.

அந்த வேலைக்கு அன்றைய கண் சோதனை, குவித்துப்போட்ட கம்பளி நூல்கண்டுகளில் ஒரே நிறத்தைப் பொறுக்குவது. காமு கம்பளி பின்னுகிறவள். சிவப்புச் சாயம் ஏறிய நூல் சற்றுச் சொரசொரக்கும் என்று அவன் விரலைப் பிடித்துக் காட்டினாள். (எல்லாச் சிவப்பும் சொரசொரக்குமா? தெரியாது. இந்தக் கதையில் சொரசொரத்தது.) அதைக் கற்றுக்கொள்ள அவன் வந்துபோன மாலைகளில்தான் அவன் கை முதன்முதலாக அவள் கையில் இருந்தது.

அவன் தேறிவிட்டான்.

3.

"கம்பளியைத் தொட்டுப் பாத்தேள். தூரத்துல எரியற சிக்னல் விளக்கையும் தொடுவேளா?"

"சொல்லிக்கொடுத்தவளே நீதானே?"

"ஆமாம். உங்களோட இருக்கணும்னு சொல்லிக்கொடுத்தேன். வண்டி நிறைய ஜனங்க இருப்பான்னு அப்போ தோணலை."

"சரி, விட்டுடறேன். நீ ஆயுசுக்கும் உங்கப்பாவுக்கு ரசம் வெச்சுண்டு இரு."

காமு அழுதாள், ஏனென்றால்

(வேண்டாம். அழவில்லை.)

4.

ஒரு முடிவு: ரயில் விபத்து. பாடம் சொல்வதற்காக ஜனங்களைக் கொல்ல மாட்டேன்.

இன்னொன்று: அவனுக்குக் குமாஸ்தா வேலை. ஹவுராவில் ஓர் அறை, இரண்டு தட்டு, பச்சை மிளகாய் என்று அவன் வாங்கி வந்ததில் பாதி சிவந்த பழம், அவள் சிரித்துக்கொண்டே பிரித்து

எனக்கு இதுதான் ஆசை. அவளுக்கும்தான். ஆனால் நான் எழுதி முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றுமாக இரண்டு கண்டுகளை மடியில் செருகிக்கொண்டாள்.

"எங்கேடி?"

"ரயில்வே டாக்டர்கிட்ட. மறுபடி சோதிங்கோ, தொடாம பொறுக்கச் சொல்லுங்கோன்னு சொல்லப்போறேன்."

"போனா, உன்னை அழைச்சுக்க மாட்டேன்."

"தெரியும்."

அவன் விரல்களை ஒருமுறை பார்த்தாள். படியிறங்கி, ஹவுராவுக்குப் போகும் மிதவைப் பாலத்தின் பக்கம் நடந்தாள்.

அவன் பின்னால் வருகிறானா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பவில்லை.