மங்குச் சத்தம்

பங்களாவின் சமையற்கட்டுக்குள் யோஷினோ அதுவரை கால் வைத்ததில்லை. அன்று வந்தபோது தலையில் இருக்கவேண்டிய தொப்பி கையில் இருந்தது. தொப்பிக்குள் ஒரு பூனைக்குட்டி.

நவமணி அடுப்பை விட்டு எழுந்து இடுப்பு மடிய வணங்கினாள். வணங்கத் தாமதித்தவர்களின் கன்னம் என்ன ஆகும் என்பது பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு அந்தப் பங்களாவில் குடியேறிய ஜப்பான் அதிகாரி அவன். துரை காலத்திலிருந்தே நவமணிக்கு அங்கே சமையல் வேலை.

யோஷினோவின் பின்னால் கார்த்திகேசு கிராணி நின்றார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக்காரர். அவசரமாகக் கற்றுக்கொண்ட ஜப்பான் பேச்சு அவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கியிருந்தது.

"இதை நீர் வளர்க்கவேணுமாம். கூப்பிட்டா வரவேணும். மேசையில ஏறக்கூடாது. நல்லாப் பழக்கித் தரவேணும் எண்டு சொல்றார்."

"பூன சொன்னா கேக்குமாங்க கிராணி?"

கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை.

"நெக்கோ," என்றான் யோஷினோ, குட்டியைக் காட்டி. அதுதான் பெயர் என்று நவமணி எடுத்துக்கொண்டாள். ஜப்பான் பேச்சில் எல்லாப் பூனைக்கும் அதுதான் பெயர் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலில் பழக்கப் பார்த்தவன் யோஷினோதான். சாப்பிடும்போது மூங்கில் பிரம்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். குட்டி மேசையில் முன்னங்கால் வைத்தால் காலிலேயே சுள்ளென்று விழும். குட்டி சீக்கிரமே பாடம் படித்துக்கொண்டது, ஆனால் அவன் நினைத்த பாடத்தை அல்ல. அவன் இருக்கும்வரை மேசைப் பக்கம் போகாது. அவன் பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டியதும் மேசைமேல் ஏறித் தட்டை நக்கும். ஒருநாள் அவன் பாதி வழியில் திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டான். அன்று விழுந்த அடியில் குட்டி பின்கட்டுக்கு ஓடி விறகு அடுக்குக்கு அடியில் புகுந்துகொண்டது. யார் கூப்பிட்டும் வரவில்லை.

அதே வாரம்தான் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கச் சிப்பாய்கள் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் நுழைந்தார்கள். கதவை உடைத்து, துப்பாக்கிக் கட்டையால் இடித்து, அகப்பட்டவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். மற்ற ஆம்பளைகள் பால்மரக் காட்டைத் தாண்டி மலைக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நவமணியின் புருஷன் அழகேசனும், பக்கத்து வீட்டு மருதம்மாளின் புருஷன் சின்னையாவும் அவர்களோடு போனார்கள்.

விறகுக்கு அடியில் பூனை, மலையில் ஆம்பளைகள். இரண்டு பக்கமும் யோஷினோவுக்குக் கோபம்.

குட்டி செத்துப்போனால் பழி தன் தலையில்தான் விழும் என்று நவமணி பயந்தாள். மங்கு என்று சொல்கிற தகரக் கிண்ணம் ஒன்றில் நாலு நெத்திலித் தலையைப் போட்டு, கரண்டியால் டிங் டிங்கென்று தட்டி, விறகடுக்குக்கு எட்டத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது மங்கு காலி. மறுநாளும் அப்படியே. பிறகு மங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்படிப் பக்கம் நகர்த்தினாள். குட்டி அவள் காலருகே வந்து தின்றபோதும் கையை நீட்டவில்லை. அதுவாக வந்து முழங்காலில் முகத்தைத் தேய்த்த அன்றுதான் தொட்டாள். வீட்டில் மகள் ரமணி வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்கிறாளே என்று நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் அந்தச் சின்ன உடம்பின் சூடு மடியில் ஏறியபோது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மங்குச் சத்தம் கேட்டுப் பூனை ஓடி வருவதை யோஷினோ ஒரு காலையில் நின்று பார்த்தான். கிராணியைக் கூப்பிட்டான்.

"அடிச்சும் வராதது உமக்கு எப்பிடி வருதெண்டு கேக்கிறார்."

ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. அவள் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னாள்.

"மொதல்ல தூரத்துல வெச்சுட்டுப் போயிருவேங்க. பிடிக்கவே பாக்கமாட்டேன். ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னு அதுக்கே தெரியணும். நம்பிருச்சுன்னா அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரும்."

கிராணி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். யோஷினோ கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

அடுத்த வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு அரிசி லோரி வந்தது. அரிசியையே கண்ணால் பார்க்காத காலம். சிப்பாய்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு எட்டப் போய் நின்றார்கள். பெண்கள் பயந்து பயந்து அள்ளினார்கள். யாரையும் யாரும் தொடவில்லை. அடுத்த தடவை, ஆளுக்குத்தான் அரிசி, நேரில் வருகிறவர்களுக்குத்தான் என்றார் கிராணி. வயசான ஆம்பளைகள் இரண்டு பேர் காட்டிலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அதற்கடுத்த தடவை இளவட்டங்களும் வந்தார்கள். சிப்பாய்கள் சிகரெட் கூடக் கொடுத்தார்கள். "ஆள் பிடிக்கிறத விட்டுட்டானுங்க போல," என்று லயத்தில் பேச்சு அடிபட்டது.

நவமணிக்கும் சந்தோஷம்தான், பங்களாவுக்குக் கார் ஒன்று வந்து நின்ற அந்த மத்தியானம் வரை.

யோஷினோ தானே மங்கை எடுத்தான். கரண்டியால் தட்டினான். நெக்கோ வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவன் பூட்ஸில் முகத்தைத் தேய்த்தது. அவன் அதை மெதுவாக எடுத்து, தலையைத் தடவி, ஒரு ரோத்தான் பிரம்புக் கூடைக்குள் வைத்து மூடியைக் கட்டினான்.

"அலோர்ஸ்டாரில இருக்கிற பெரிய அதிகாரிக்குப் பரிசாம்," என்றார் கிராணி. "நாளைக்கு அரிசி லோரி கொஞ்சம் பெருசா வருதாம்."

கார் போனது. கூடைக்குள்ளிருந்து பூனை கத்தியது வெகுதூரம் கேட்டது. தூரத்துல வெச்சுட்டுப் போயிருவேங்க. பிடிக்கவே பாக்கமாட்டேன். அவள் சொன்னதை அவன் அரிசியை வைத்து வரி பிசகாமல் செய்துகொண்டிருந்தான்.

விறகு பொறுக்குகிற சாக்கில் அன்று சாயங்காலமே காட்டோரம் போனாள். அழகேசன் எலும்பும் தோலுமாக வந்தான்.

"நாளைக்குக் களத்துக்கு வராதீங்க."

"எல்லாரும் போய்ட்டு வாரானுங்க புள்ள. எத்தன நாளைக்குக் கிழங்கையே தின்னுக்கிட்டுக் கெடக்கறது?"

அவள் பூனையின் கதையைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "சரி, போகல," என்றான். மற்றவர்களிடமும் சொல்கிறேன் என்றான். சொன்னான். பசித்த வயிறுகளுக்குப் பூனைக் கதை ஏறவில்லை.

லயத்தில் நவமணி மருதம்மாளின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அண்ணன வரவேணாம்னு சொல்லிவிடுங்கக்கா. பிடிக்கத்தான் கூப்புடுறானுங்க."

"பங்களாச் சோறு திங்கிறவ நீ. ஒனக்குப் பசி எங்க தெரியப்போவுது," என்று மருதம்மாள் கையை உதறினாள்.

மறுநாள் களம் நிறைந்திருந்தது. வந்த லோரிகளில் முதலாவதில் மட்டும்தான் அரிசி. மற்றவற்றின் படுதாவை நீக்கிக்கொண்டு சிப்பாய்கள் குதித்தார்கள். ஓட இடமில்லை. சாக்கைப் பிடித்தபடியே ஆம்பளைகள் ஏற்றப்பட்டார்கள். சின்னையா லோரிக்குப் பின்புறத்திலிருந்து கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டே போனான்.

இரண்டு வாரம் லயத்தில் யாரும் நவமணியோடு பேசவில்லை. முன்கூட்டியே தெரிந்திருக்கிறதே, எப்படித் தெரியும் என்ற கேள்வி எல்லார் கண்ணிலும் இருந்தது.

பிறகு மறுபடி அரிசி வந்தது. பிள்ளைகள் பசியில் அழுததால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நவமணியும் ரமணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் நின்ற மருதம்மாள் திரும்பாமலே பேசினாள்.

"அவரு வரமாட்டேன்னுதான் சொன்னாரு. புள்ளைங்க பட்டினின்னு நான்தான் ஆள் விட்டுக் கூப்பிட்டேன்."

நவமணி அவள் தோளைத் தொடக் கை நீட்டினாள். அதற்குள் கிராணி வரிசையோரமாக நடந்து வந்தார். தூரத்தில் லோரிப் பக்கம் நின்று யோஷினோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"உம்மட புருசன் இன்னும் வரேல்லையாம்," என்றார் கிராணி, அவள் முகத்தைப் பார்க்காமல். "அவருக்குச் சாப்பாட்டில என்ன விருப்பம் எண்டு கேக்கிறார்."

பொய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. நெற்றிப் பொட்டைப் புறங்கையால் அழித்தாள்.

"அவரு காட்டுக் காய்ச்சல்ல போய்ட்டாருங்க கிராணி."

கிராணி நிமிர்ந்தார். அவர் நம்பவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. யோஷினோ லோரியை விட்டு இவர்களை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

அப்போது மருதம்மாள் திரும்பினாள். நவமணியின் அழிந்த நெற்றியைப் பார்த்தாள். அடுத்த நொடி இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, எங்கண்ணே! காட்டுல அனாதயாப் போய்ட்டியே!" என்று அலறியபடி நவமணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்றவள் சேர்ந்தாள். அதற்குப் பின்னால் நின்றவளும். லோரி ஏறிப்போனவர்களுக்காக வாய்விட்டு அழக்கூடப் பயந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அதில் எது யாருக்கான அழுகை என்று பிரிக்க முடியவில்லை. நவமணியும் நிஜமாகவே அழுதாள்.

யோஷினோ அருகில் வந்து நின்று பார்த்தான். கிராணியிடம் ஏதோ கேட்டான்.

"ஓம்," என்று தமிழிலேயே ஆமோதித்துவிட்டு, பிறகு ஜப்பான் பேச்சில் சொன்னார் கிராணி.

ஜப்பான்காரர்கள் போகும்வரை நவமணி பொட்டு வைக்கவில்லை. அழகேசன் சண்டை முடிந்த பிறகுதான் லயத்துக்கு வந்தான். அவன் வந்த அன்று மருதம்மாள்தான் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து நவமணியின் நெற்றியில் வைத்துவிட்டாள். சின்னையா வரவில்லை.