மாறிப்போன பிக்சர் டியூப்

ஜாலான் பெண்டஹாரா தெருவிலிருந்த ரிப்பேர்க் கடையிலிருந்து டிவி வீடு திரும்பியதுமே பூங்காவனத்துக்குச் சந்தேகம் தட்டியது. படம் பளிச்சென்றுதான் வந்தது. ஆனால் திரையின் நான்கு மூலையிலும் கறுப்பு நிழல் விழுந்தது. முன்பு அப்படி இல்லை.

நாடு திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பழைய பெட்டி அது. காஜா பேராங் குடியிருப்பில் அந்த வீட்டு வரிசையிலேயே அவள் வீட்டில் மட்டும்தான் டிவி. திடீரென்று படம் நின்றபோது, "சின்னக் கோளாறுதான், கருணாகரன் சரி பண்ணிருவான்" என்று அவள் கணவன் கணேசமூர்த்தி அவன் கடைக்கு அனுப்பினான். ரிப்பேர்க்காரர்கள் நல்ல சாமானை உருவிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்த அவள், அனுப்பும் முன்பே பின்பலகை ஓட்டை வழியாகப் பிக்சர் டியூபின் மேல் அடையாளத்துக்கு ஒரு துளி சிவப்பு நகப்பூச்சு வைத்திருந்தாள்.

இப்போது டார்ச் அடித்துப் பார்த்தாள். சிவப்பைக் காணோம்.

மறுநாள் காலை கடையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டாள்.

"என் டியூப யாருக்குத் தூக்கிக் குடுத்த தம்பி?"

கருணாகரன் குனிந்தான். மேசையடியிலிருந்து பழைய டியூபை எடுத்து வைத்தான். சிவப்புத் துளி இருந்தது. கழுத்துதான் முறிந்திருந்தது.

"உடஞ்சே வந்துச்சுக்கா. அதே நம்பர் இங்க கெடைக்கல. சிங்கப்பூர்லேருந்து வேற நம்பர் வரவழைச்சுப் போட்டேன்."

"நீ கீழ போட்டுட்டு கதை சொல்றியா?"

"வீட்டுல அண்ணன்கிட்ட கேளுங்க" என்றான் அவன், தலை நிமிராமல்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கணேசமூர்த்தி, டியூப் என்ற சொல்லைக் கேட்டதுமே கையை உதறி எழுந்தான்.

"படம் சாஞ்சு தெரிஞ்சுச்சு. பின்னால தொறந்து டியூபத் திருப்புனேன். கழுத்து முறிஞ்சு புஸ்ஸுனு சத்தம். தொடாதேன்னு நீ சொல்லியிருந்தியே... அவன்தான் பாவம், உங்கிட்ட சொல்லாதன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன்."

டியூப் போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நாலு பேர் முன்னால் ஒருவனைத் திருடனாக்கிவிட்டாளே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

"கெளம்புங்க. அந்தக் கடையிலயே நின்னு சொல்லணும்."

போனார்கள். உடைத்தது தான்தான் என்று கணேசமூர்த்தி சத்தமாகவே சொன்னான். "தப்பா பேசிட்டேன் தம்பி" என்று பூங்காவனமும் சொன்னாள். கருணாகரன் ஸ்குரூவைத் திருகியபடியே இருந்தான்.

"மூலையில கறுப்பு விழுதாக்கா?"

"விழுது."

"டியூப் கழுத்துல இருக்குற கம்பிச்சுருள் பின்னால நகர்ந்திருக்கும். சாயங்காலம் வந்து தள்ளி வைக்கிறேன்" என்றான். அப்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.