நாற்காலி வேஷம்

ஞாயிற்றுக்கிழமை மாலை, துணிக்கடைக்கு எதிரே இருந்த நடைபாதையில் நாத்தனார் நாற்காலியாக மாறினாள். முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "பொறந்ததுலேருந்து காத்துக்கிட்டிருக்கேன். ஒருத்தராவது என் மேல உக்காருங்களேன்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே இருந்த அந்தத் துணிக்கடையில்தான் அவள் விற்பனைப் பெண்; இன்று அவளுக்கு வார விடுமுறை. காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து அது இறங்கும்வரை நிற்க வேண்டும். ஆளே வராத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாய்ந்தால் மேலாளர் கண்ணாலேயே நிமிர்த்திவிடுவார். வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு அவள் புலம்பியதைக் கேட்டுத்தான் நாத்தனாரும் தெருநாடகக் கூட்டாளிகளும் இந்த நாடகத்தைக் கட்டினார்கள். விற்பனைப் பெண்ணாக நடிக்க வேண்டியவளுக்கு இன்று தொண்டை கட்டிக்கொண்டுவிட்டதால், மதியமே நாத்தனார் அண்ணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே வாங்க அண்ணி. நடிக்கவே வேணாம், வந்து நின்னா போதும்."

"வேலை போச்சுன்னா உங்கண்ணனா சோறு போடுவாரு?"

"அவன் போடுறது இருக்கட்டும். கால் போச்சுன்னா?"

அண்ணி வீங்கிய காலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். வந்துவிட்டாள். வந்த பிறகுதான் கூட்டத்தில் முதலாளி நிற்பதைப் பார்த்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்தவர், யார் கடைக் கதை என்று தெரியாமல் தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள்.

நாத்தனார் கண்ஜாடை காட்டினாள். அண்ணி நடுவில் போய் நின்றாள். சொல்ல வேண்டிய வசனம் சுத்தமாக மறந்துவிட்டது. கண் நேரே முதலாளியிடம் போனது.

"சார், கால் வலிக்குது சார்."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் அந்தக் கடைப் பையோடு நின்ற ஒரு அம்மாள் வாயைத் திறந்தார்: "உக்காரட்டுமே சார். நாங்க என்ன துணி எடுக்காமயா போயிடுவோம்?"

"முதலாளி மனசு வெச்சா என் ஜென்மம் சாபல்யம்!" என்றது நாற்காலி.

கைதட்டலில் தெருவே அதிர்ந்தது. முதலாளி பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அண்ணி, வேலை இருக்குமோ இருக்காதோ என்றுதான் கடைக்குப் போனாள். துணி அடுக்குகளுக்குப் பின்னால் மேலாளர் புது ஸ்டூல்களை இறக்கிக்கொண்டிருந்தார். "கஸ்டமர் இல்லாதப்ப மட்டும்," என்றார், யாரையும் பார்க்காமல்.

அவர் நகர்ந்ததும், "நீ உக்காருடி", "ஐயோ, நீங்க முதல்ல உக்காருங்கக்கா" என்று ஒரே தள்ளுமுள்ளு. கடைசியில் எல்லோருமாக அண்ணியைத் தூக்காத குறையாக ஒரு ஸ்டூலில் ஏற்றிவிட்டார்கள். அப்போது பார்த்து ஒரு பெண் கடைக்குள் நுழைய, அண்ணி பதறி எழப்போனாள்.

"இருங்க, இருங்க. நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்."

ஸ்டூல் கொஞ்சம் உயரம். தரையைத் தொடாத அவள் கால்கள் இரண்டும் மெல்ல ஆடத் தொடங்கின.