ஆளுக்குப் பாதி

1

இந்தக் கதை நான் வெட்டியெறிந்த இரண்டு கேள்விகளிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குற்றவாளி யார் என்று தேடிக்கொண்டே பக்கம் புரட்டும் சிரமம் உங்களுக்கு வேண்டாம்; குற்றவாளி நான்தான்.

ஊர் ராமநாதபுரம். வயது அறுபத்தொன்று. ஆறு நாவல்கள் எழுதியிருக்கிறேன். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், பாதகமில்லை, என் மனைவியும் படித்ததில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் குழுவினர் என்னைத் தேடி வந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வருவதற்கு முன்பே தடுக்க முடியுமா என்பது அவர்கள் ஆராய்ச்சி. இதுவரை நோய் வராதவர்களாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும். பாதிப் பேருக்குத் தினமும் ஒரு மாத்திரை. மீதிப் பேருக்கு அறிவுரை மட்டும். (உப்பைக் குறையுங்கள், நடங்கள், கவலைப்படாதீர்கள். கருவாடு காயப்போட்டுப் பிழைக்கிற பெண்ணிடம் உப்பைக் குறை என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும்.) கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்கித் தருவது என் வேலை.

நாற்பதாவது கேள்வி, மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டீர்களா. நாற்பத்தொன்று, முழு மாத்திரையையும் நீங்களே சாப்பிட்டீர்களா. நாற்பத்திரண்டு, வேறு யாருக்காவது கொடுத்தீர்களா. எனக்கு எரிச்சலாக வந்தது. எந்தக் கிறுக்கன் தன் மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுப்பான்? சொன்னதையே திருப்பிச் சொல்வது மோசமான உரைநடை என்று நாற்பது வருடமாக நம்பி வருகிறவன் நான். பின்னால் இருந்த இரண்டையும் அடித்துவிட்டு முதல் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. நடை நன்றாக ஓடுகிறது என்று பாராட்டினார்கள்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் பார்த்தேன்.

"பாம்பன் பாலத்துக்குக் கீழே கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாக

வேண்டாம். அந்தக் கடலை ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள்.

"முதுமை என்பது

இதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

"லீமாரோஸின் தாய் அறுபத்து நாலாம் வயதில் ஏலக்கரையில் மீன் கூடையைத் தலைக்குத் தூக்கும்போது விழுந்தாள். வலது பக்கம் போய்விட்டது. பதினெட்டு வருடம் கழித்து லீமாரோஸின் அக்காளும் அதே அறுபத்து நாலாம் வயதில் விழுந்தாள். அவளுக்கு வாய் கோணிக்கொண்டது. ஆறு வருடம் அவளுக்குக் கஞ்சி ஊட்டியது லீமாரோஸ்தான். லீமாரோஸுக்கு இப்போது அறுபத்து நாலு நடக்கிறது."

இது இருக்கட்டும். இதில் என் கைவண்ணம் எதுவும் இல்லை, அதனால்தான் நன்றாக இருக்கிறது.

3

லீமாரோஸும் அவள் கணவர் சிலுவைமுத்துவும் தங்கச்சிமடத்தில் இருக்கிறார்கள். அவர் நாட்டுப்படகில் ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். இருவருமே ஆய்வில் சேர்ந்தார்கள். சீட்டு விழுந்தது சிலுவைமுத்துவுக்கு. லீமாரோஸுக்கு அறிவுரை.

ஆய்வின் சார்பில் வீடு வீடாகப் போகிறவள் சத்யப்பிரியா. உத்தரகோசமங்கைப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சார், எங்க ஊர்ப் பக்கமெல்லாம் மாத்திரை சாப்பிட்டவுகளுக்கு பிரஷரு, கொழுப்பு எல்லாம் நல்லா இறங்கியிருக்கு. சாப்பிடாதவுகளுக்கு இறங்கல. தங்கச்சிமடத்துல மட்டும் ரெண்டு கூட்டமும் ஒண்ணு போல இருக்கு. மாத்திரையே வாங்காதவுகளுக்கும் இறங்குது."

"கடல் காத்தா இருக்கும்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே வருணிக்கப் போவதில்லை.

"இப்படியே போனா மொத்தக் கணக்கையும் இது இழுத்துட்டுப் போயிரும் சார். மாத்திரையால பிரயோசனம் இல்லைன்னு எழுதி மூடிருவாக. அப்புறம் எந்த ஊருக்கும் வராது."

3 (மறுபடியும், முந்தைய மூன்றில் இடம் போதவில்லை)

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு அவள் சிலுவைமுத்து வீட்டுக்குப் போய் நின்றாள். அவர் அடுப்படியில் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மாத்திரையை வைத்து, தூண்டிலுக்கு இரை நறுக்கும் கத்தியால் சரிபாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மறு பாதியை லீமாரோஸின் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"என்னய்யா பண்றீக?"

"பங்கு வைக்கிறேன்."

"இது உங்களுக்குக் குடுத்த மாத்திரை."

"படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆளுக்கு ஒரு பங்கு. காய்ச்சல்ல படுத்துக் கெடக்கவனுக்கும் வீட்டுக்கு ஒரு பங்கு போகும் தாயி. மீன் பட்டது அவன் கையில இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டோம். சீட்டு எனக்கு விழுந்துச்சு, அவளுக்கு விழல. அதுக்கு நான் மட்டும் உக்காந்து திங்கவா?"

"இத ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. தவறாம சாப்பிட்டீகளான்னு கேட்டீக. ரெண்டு வருசத்துல ஒரு நாள் தவறல."

பொய்யே இல்லை. கேட்காமல் விட்ட கேள்விகளை அடித்தது நான்தான் என்று சத்யப்பிரியாவிடம் ஒப்புக்கொண்டேன். விசாரித்தால், தெருவில் கணவனும் மனைவியுமாக ஆய்வில் சேர்ந்திருந்த வீடுகளில் முக்கால்வாசி இதே கதை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. (உள்நாட்டு ஊர்களில் ஏன் கணக்குச் சரியாக வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே கணவன்மார் தங்கள் மாத்திரையைத் தாங்களே முழுசாகத் தின்றார்கள். அறிவியல் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. நானும் அந்த உள்நாட்டு வம்சம்தான், சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

4

சிலுவைமுத்து மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல கணவனைக் கதையில் வைத்தால் வாசகர் நம்ப மாட்டார். சத்யப்பிரியாவிடம் சொன்னேன். அவள் அதை லீமாரோஸிடமே கேட்டிருக்கிறாள். லீமாரோஸ் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"இருவது வருசம் குடிச்சிட்டு வந்து என்னைய அடிச்ச மனுசன். இப்ப அரை மாத்திரையக் குடுத்துச் சரிக்கட்டப் பாக்குறாரு. குடுக்கட்டும். அடிச்சதுக்குக் கணக்கு வேற, மாத்திரைக்குக் கணக்கு வேற."

இதற்குப் பிறகு அவரை நம்புவது எனக்கு எளிதாக இருந்தது.

6

(ஐந்தாம் பகுதியில் பக்கவாதம் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். புள்ளிவிவரங்களோடு. சத்யப்பிரியா படித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். கிழித்துவிட்டேன்.)

இப்போது சிக்கல் இதுதான். மாத்திரையைப் பகிர்ந்தவர் ஆய்விலிருந்து நீக்கப்படுவார், மாத்திரை நிற்கும், இது விதி. சத்யப்பிரியா உண்மையை எழுதினால் லீமாரோஸுக்கு அந்த அரை மாத்திரை இல்லை, அதுவும் இந்த வருடத்தில். எழுதாவிட்டால் மாத்திரை பயனற்றது என்று முடிவாகி யாருக்குமே இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுப்பார்களே என்பீர்கள். கொடுப்பார்கள், நோய் இருந்தால். லீமாரோஸுக்கு நோய் இல்லை. அவளுக்கு இருப்பது வயதும் பயமும் மட்டும்தான்.

ஆகவே முடிவுகள்.

முடிவு ஒன்று: சத்யப்பிரியா கண்டும் காணாமல் போகிறாள். (அப்படிச் செய்ய அவளுக்கு ஆசை இருந்தது. மூன்று நாள் தூங்கவில்லை என்றாள்.)

முடிவு இரண்டு: அரை மாத்திரையே போதும் என்று தங்கச்சிமடத்து மீனவர்கள் உலகுக்கு நிரூபிக்கிறார்கள். வெளிநாட்டு மாநாட்டு மேடையில் சிலுவைமுத்து வேட்டியோடு ஏறி

"கதையில நடக்கும் சார்," என்றாள் சத்யப்பிரியா. "எங்க ஆபீஸ் ஆளுக இத ஆராய்ச்சின்னு சொல்ல மாட்டாக, கோளாறுன்னுதான் சொல்லுவாக."

முடிவு மூன்று என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் ஸ்கூட்டியை என் வாசலில் நிறுத்தினாள்.

"ஏறுங்க சார். நீங்க அடிச்ச கேள்விய நீங்களே வந்து கேளுங்க."

7

அந்த வீட்டில் நான் உட்கார்ந்த நாற்காலிக்குக் கை உடைந்திருந்தது. லீமாரோஸ் குள்ளமான, கணீரென்று பேசுகிற பெண். டீ கொடுத்தாள். விதியை சத்யப்பிரியா முதலிலேயே அவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டாள். எழுதினால் மாத்திரை நிற்கும் என்பதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை.

நான் கேட்டேன். முழு மாத்திரையையும் நீங்களே சாப்பிட்டீர்களா? வேறு யாருக்காவது கொடுத்தீர்களா? இரண்டு வரிதான். வெட்கமாக இருந்தது.

சிலுவைமுத்து முந்திக்கொண்டார். "என் பேர மட்டும் எழுதிக்கிருங்க. டீத்தண்ணியில கலந்து குடுத்துட்டேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவள நீக்காதீக, பிரஷரு பாக்குறதாவது அவளுக்கு நடக்கட்டும்."

"எனக்குப் பதிலா நீங்க ஒண்ணும் சாமியார்கிட்டச் சொல்ற மாதிரி பாவசங்கீர்த்தனம் பண்ண வேணாம்," என்றாள் லீமாரோஸ். பிறகு சத்யப்பிரியாவிடம் திரும்பினாள். "எழுது தாயி. தெரிஞ்சுதான் தின்னேன். ஆளுக்குப் பாதி."

"நின்னுருமேம்மா."

"நிக்கட்டும். எங்க அக்கா மகளுக்கு நாப்பத்தஞ்சு ஆகுது. அவளுக்கு அறுபத்து நாலு வரும்போது இந்த மாத்திரை ஊருக்குள்ள இருக்கணும். எங்களால இல்லாமப் போச்சுன்னு இருக்கக் கூடாது. எழுது."

சத்யப்பிரியா எழுதினாள். எழுதும்போது அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. எழுதி முடித்ததும், மீதி மாத்திரைகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்ற விதியைச் சன்னமான குரலில் சொன்னாள்.

"தர மாட்டேன்," என்றாள் லீமாரோஸ். "தரலன்னு அதையும் எழுதிக்க."

சிலுவைமுத்து அட்டையை எடுத்து விரலால் தடவி எண்ணினார். பதினொரு மாத்திரைகள் இருந்தன.

"இருவத்திரெண்டு நாளைக்கு வரும்," என்றார்.

லீமாரோஸ் அவரைப் பார்த்தாள்.

"பதினோரு நாளைக்குத்தான் வரும். ஒழுங்கா எண்ணுங்க."

"இருவத்திரெண்டு."

"பதினொண்ணு. ரெண்டு பேரு இருக்கோம்."

8

நாங்கள் வாசலுக்கு வந்து ஸ்கூட்டியைக் கிளப்பியபோதும் உள்ளே அந்தச் சண்டை ஓயவில்லை. இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. சத்யப்பிரியா மற்ற வீடுகளிலும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். லீமாரோஸுக்கு அறுபத்து நாலு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் என்ன நடக்கும் என்று எழுத நான் பேனாவை எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் மாத்திரை எத்தனை நாள் வந்திருக்கும்?