பிளஸ்ஸா மைனஸ்ஸா

மஜீது சார் பலகையில் கேள்வியை எழுதி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சுண்டைக்காய்க் கேள்விக்கா ஒரு வேலை?

"கொஞ்சம் நம்பர் கொடுப்பேன். எல்லாத்தையும் பெருக்கினா வர்ற விடை பிளஸ்ஸா, மைனஸ்ஸா, சைபரா? அதை மட்டும் புரோகிராம் சொல்லணும். சாயங்கால பேட்ச் வர்றதுக்குள்ள, நான் எந்த நம்பர் கொடுத்தாலும் யாரோடது தப்பு சொல்லலையோ, அவங்கதான் இங்க இன்ஸ்ட்ரக்டர்" என்றார்.

திருவொற்றியூர் மார்க்கெட்டுக்கு எதிர் மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். அது இரண்டாயிரமாவது வருடம். போட்டியில் தீபனும் நானும்தான். தீபன் காலடிப்பேட்டைக்காரன், தோற்றால் அவன் அப்பாவின் கடையில் போய் உட்காரலாம். எனக்கு இறால் கம்பெனி காத்திருந்தது. திங்கட்கிழமை வரச் சொல்லி அண்ணன் பேசி முடித்திருந்தான். காத்திவாக்கத்தில் என் வயதுப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் நாள் முழுக்க ஐஸில் கை விட்டு இறால் உரிக்கிறார்கள். அவர்கள் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். செத்தாலும் போகமாட்டேன் என்று கத்தினேன். "அப்ப வேற வேலைய காட்டு கஜா" என்றான் அண்ணன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

தீபனும் நானும் எழுதியது ஒரே மாதிரி. நோட்ஸில் இருந்தபடி ஒன்றில் தொடங்கி, வருகிற எண்ணையெல்லாம் பெருக்கிக்கொண்டே போனோம். கடைசியில் வந்தது சைபரைவிடப் பெரிதா சிறிதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. சார் என் மெஷினில் இருநூறு என்று தட்டினார். மறுபடி ஒரு இருநூறு. மைனஸ் என்றது திரை.

"ரெண்டு பிளஸ்ஸைப் பெருக்கினா மைனஸ்ஸாம்மா?"

"கம்ப்யூட்டர்தான் சார் அப்டி சொல்லுது."

"கம்ப்யூட்டர் மேல பழி போடுறவங்களுக்கு இங்க வேலை இல்ல."

தீபனுடையதும் அதையேதான் சொன்னது. விஷயம் இதுதான். புரோகிராம் எழுத நாங்கள் வைத்திருந்த அந்தக் கால டர்போ சி-யில் ஒரு எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்தான் பிடிக்கும். நாற்பதாயிரத்தைத் திணித்தால் அது வழிந்து மைனஸ் பக்கம் போய் விழும். தீபன் உடனே 'லாங்' என்று மாற்றி இடத்தைப் பெரிதாக்கினான். நானும் மாற்றினேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. அவன் சேவ் செய்திருந்தான். நான் செய்யவில்லை. எழுதியதெல்லாம் போச்சு.

அழுகை வந்தது. அழக் கூடாது என்று பால்கனிக்குப் போனேன். கீழே மார்க்கெட்டில் எங்கம்மா புஷ்பவல்லியின் குரல் எட்டு வீதிக்குக் கேட்டது. பக்கத்து மீன்கடை தேசம்மாவோடு சண்டை.

"என் கூடைய தள்ளிட்டு உன் கூடைய வச்சிகினியே, இன்னா திமிருமே உனக்கு?"

"ஆமா, நீ பெரிய கலெக்டரு! இத்தினி நாளா மூஞ்ச தூக்கி வச்சிகினு இருந்தவ, இப்ப வாய தொறந்தியா?"

வஞ்சிரம் வாங்க வந்த ஒருவர் சிரித்தார். "வுடுப்பா, ரெண்டும் ராசியாயிடும்."

அவருக்கும் தெரிந்திருந்தது. மார்க்கெட்டுக்கே தெரியும். பேச்சு வார்த்தை இருக்கும்போது சண்டை வந்தால் பேச்சு நிற்கும். பேசாமல் இருக்கும்போது சண்டை வந்தால், திட்டத் திறந்த வாய் மூடாமல் அப்படியே பேச்சு ஒட்டிக்கொள்ளும். சண்டை கூடைக்காகவா, குடும்ப மானத்துக்காகவா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்றைக்குப் பேச்சு உண்டா இல்லையா, அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எதற்குப் பெருக்குகிறேன்? பெருக்கி வரும் தொகையை யார் கேட்டார்கள்? பிளஸ்ஸா மைனஸ்ஸா, அவ்வளவுதானே!

கரண்ட் வந்தது. எண்ணை வாங்கும் இடத்தை மட்டும் 'லாங்' என்றே வைத்து, மற்றதைப் புதிதாக எழுதினேன். பிளஸ்ஸில் தொடங்கு. பிளஸ் எண் வந்தால் சும்மா இரு. மைனஸ் வந்தால், சண்டை வந்த மாதிரி, இருப்பதைத் திருப்பிப் போடு. சைபர் வந்தால் எல்லாம் சைபர். ஒருத்தி கடையையே காலி செய்துவிட்டுப் போன மாதிரி, அதற்குப் பிறகு எத்தனை மைனஸ் வந்தும் புண்ணியமில்லை. பெருக்கல் என்ற பேச்சே கிடையாது. இந்த முறை முதல் வேலையாக சேவ் செய்தேன்.

சார் தீபன் மெஷினில் ஐம்பதாயிரத்தை இரண்டு முறை தட்டினார். பெரிய இடமும் வழிந்து மைனஸ் என்றது. அதையே என்னிடம் தட்டினார். பிளஸ். பெரிய பெரிய எண்களாக, மைனஸும் பிளஸும் கலந்து விரல் வலிக்கத் தட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு சைபரை ஒளித்தார். ஒன்றில்கூட அவரால் மடக்க முடியவில்லை.

"பேஷ்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா பாரும்மா, சாயங்கால பேட்ச் முடிய இருட்டிடும். காத்திவாக்கம் வரைக்கும் பொம்பளப் புள்ள எப்படிப் போவ? தீபனையே போட்டுடலாம்னு பார்க்கிறேன். நீ மனசுல வச்சுக்காத."

தீபன் தலை குனிந்துகொண்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், எந்த நம்பர் குடுத்தாலும் தப்பு சொல்லாதவங்களுக்குதான் வேலைன்னு சொன்னீங்கோ. ஆம்பளயா பொம்பளயான்னு பலகைல எழுதல. எங்கம்மா விடிகாலைல காசிமேடு போயி மீன் எடுத்துகினு வர்றாங்கோ, அவங்களாண்ட யாரும் இருட்டுன்னு சொல்லல. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் இருட்டு?"

அதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சாயங்கால பேட்ச் வந்துவிட்டது. வாசலில் நின்று யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். நான் நடந்து போய் இன்ஸ்ட்ரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தேன். 

"செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள வாங்க" என்றேன்.

வந்தார்கள். ஒவ்வொருவராக மெஷின் முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள்.  மஜீது சார் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.