மூன்று றோஸ் வட்டங்கள்

ஒன்பது நாளில் இருபத்தேழு குளிசைகள்.

நிவேதனா மூன்றாம் தரமும் எண்ணிப் பார்த்தாள். எண்ணுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? போத்தலுக்குள் மிஞ்சிக் கிடந்தது மூன்றே மூன்று றோஸ் நிறக் குளிசை. கொடுத்து விட்டதோ முப்பது. நாளுக்கு ஒன்று போட வேண்டிய மனுஷி நாளுக்கு மூன்று போட்டிருக்கிறார்.

விற்றமின் குளிசை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இது வார்பரின். நெஞ்சுக்குள் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு, அதிலே ரத்தம் கட்டிபடாமல் இருக்கக் கொடுப்பது. அளவு குறைந்தால் வால்வு அடைக்கும். கூடினால் உடம்புக்குள் எந்த இடத்தில் ரத்தம் கசியத் தொடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மயிலிட்டித் தங்கமுத்துவுக்கு அது பல் முரசில் தொடங்கியிருந்தது. காலையில் தலையணை முழுக்க ரத்தம். கை இரண்டும் கன்றி நாவற்பழ நிறம். மூன்றில் நிற்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக் கணக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது.

போத்தலைக் கொண்டுவந்து கொடுத்த மக்டலீன், பெண் நோயாளர் விடுதியின் பொறுப்புத் தாதி. நிவேதனாவோடு ஒரே வருஷத்தில் வேலைக்கு வந்தவள். போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள்.

“உன்ரை யன்னலிலை பிழை வராதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவாயே. இப்ப என்னடி சொல்லப் போறாய்?”

நிவேதனா போத்தலை மூடி வைத்தாள். அந்த ஆஸ்பத்திரியின் கிளினிக் மருந்தகத்துக்கு அவள்தான் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷ சேவை. அவளுக்குக் கீழே ஐந்து மருந்தாளர்கள். காலை எட்டு மணிக்கு யன்னல் திறந்தால் மத்தியானத்துக்குள் முந்நூறு நோயாளிகளின் கிளினிக் கொப்பி பார்த்தாக வேண்டும். அதனால் அவளிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. யன்னலில் நின்று கதை வளர்க்கக் கூடாது. நிற அட்டையில் அவளைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

நிற அட்டை அவள் கண்டுபிடித்த விஷயம். வார்பரின் மூன்று அளவில் வரும். ஒரு மில்லிகிராம் மண்ணிறம், மூன்று நீலம், ஐந்து றோஸ். எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்காக, மருந்துப் பெட்டி மட்டையை வெட்டி, எந்த நிறத்தில் எத்தனை என்று நிறப்பேனையால் வட்டம் கீறி, மூலையில் கையெழுத்து வைத்துக் கொடுப்பாள். மாகாணக் கூட்டத்தில் அதற்காக அவளை எழும்பி நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள்.

இப்போது ஆஸ்பத்திரி அத்தியட்சகர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். இரண்டு மணிக்குள் அறிக்கை வேண்டும். யாரின் கையால் நடந்தது என்று பெயர் வேண்டும்.

பெயர் தேடத் தேவையில்லை. பதிவுப் புத்தகத்தில் இருந்தது. ஆரபி.

ஆரபி வேலைக்கு வந்து எட்டு மாதம். இன்னும் நிரந்தரமாக்கவில்லை. இப்படி ஓர் அறிக்கை போனால் நிரந்தரமாக்கவும் மாட்டார்கள். கெட்டிக்காரிதான், ஆனால் வாய் ஓயாது. யன்னலில் ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துச் சுகம் விசாரிப்பாள். வரிசை ஆஸ்பத்திரி வாசல் மட்டும் போய்விடும். “நீ மருந்து குடுக்க வந்தனியோ, கலியாணம் பேச வந்தனியோ?” என்று நிவேதனாவே எல்லாருக்கும் முன்னால் கேட்டிருக்கிறாள்.

கூப்பிட்டுக் கேட்டபோது ஆரபி அதிகம் கதைக்கவில்லை. தங்கமுத்துவுக்கு வைத்தியர் அளவை மூன்றிலிருந்து ஐந்தாகக் கூட்டி எழுதியிருந்ததாகவும், தான் ஐந்து மில்லிகிராமில் முப்பது கொடுத்ததாகவும், கடதாசி உறையில் ‘ஒன்று’ என்று எழுதி, வாயாலும் ஒன்று என்று சொன்னதாகவும் நாலு வரியில் எழுதிக் கொடுத்தாள்.

“வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ?” என்று நிவேதனா கேட்டாள்.

ஆரபி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து, “இல்லை மிஸ்” என்றாள்.

அந்தப் பார்வை நிவேதனாவுக்குப் பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தாள். உறையில் மூன்று என்று எழுதியிருப்பாள், பழைய அளவு மனதில் நின்றிருக்கும். அறிக்கையின் முதல் பாதியை எழுதி, பொறுப்பானவர் என்ற இடத்தில் பென்சிலால் ஆரபியின் பெயரைப் போட்டாள். உறையை மட்டும் கையில் எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. விடுதிக்குப் போனாள்.

தங்கமுத்து முழிப்போடுதான் இருந்தார். தலைக்குள் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கான் படம் சொல்லியிருந்தது. கையில் ஊசியேற்றி, முரசில் பஞ்சு வைத்திருந்தார்கள். பக்கத்தில் மருமகள் வித்தியா, மாமியின் ரத்தம் பட்ட சட்டையை மாற்றாமலே இருந்தாள்.

உறையைக் கேட்டபோது வித்தியா கையை விரித்தாள். கடற்கரைக் காற்றுக்குக் கடதாசி உறை இரண்டு நாளில் நமுத்துவிடும், குளிசை மாவாகிவிடும். அதனால் வீட்டுக்குப் போனதும் போத்தலுக்குள் கொட்டிவிட்டு உறையை அடுப்பில் போட்டுவிடுவார்களாம். கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய போத்தல், நல்ல இறுக்கமான மூடி.

நிவேதனா போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். ரொறொன்ரோ மருந்துக்கடைச் சீட்டு. எங்கேயோ பார்த்த போத்தல்.

“அம்மா, மூண்டு போடச் சொல்லி ஆர் சொன்னது? அந்தப் பிள்ளையோ?”

தங்கமுத்து பஞ்சை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு கதைத்தார். “அவள் ஒண்டு எண்டுதான் சொன்னவள். ரெண்டு தரம் சொன்னவள்.”

“பிறகேன் மூண்டு போட்டனீங்கள்?”

“நீதானே பிள்ளை சொன்னனீ. ஆர் என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது, அட்டையிலை கிடக்கிறபடி போடு எண்டு.”

 அட்டை எங்கே என்று நிவேதனா அவசரமாகக் கேட்டாள். கொப்பியை மட்டும்தான் விடுதியில் வாங்கி வைத்திருந்தார்கள். அட்டை வித்தியாவின் கைப்பைக்குள் கிடந்தது.

மருந்துப் பெட்டி மட்டை. மூன்று வட்டங்கள். மூன்றும் றோஸ். மூலையில் அவளுடைய கையெழுத்து.

நாலு மாதத்துக்கு முந்தி வார்பரின் தட்டுப்பாடு. மருந்துக் களஞ்சியத்தில் ஒரு குளிசை இல்லை. வெளிநாட்டில் ஆட்கள் இருந்தால் எடுப்பித்துப் போடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னவள் நிவேதனா. தங்கமுத்துவின் மகள் ரொறொன்ரோவிலிருந்து அனுப்பினாள். கனடாவில் நிறம் வேறு. அங்கே ஒரு மில்லிகிராம்தான் றோஸ். போத்தலை வாங்கி, குளிசையில் பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, மூன்று மில்லிகிராமுக்கு மூன்று றோஸ் என்று சரியாகத்தான் அவள் கீறிக் கொடுத்தாள். அன்றைக்கு அதில் ஒரு பிழையும் இல்லை.

பிறகு அரசாங்கக் குளிசை வந்தது. அதுவும் றோஸ். ஐந்து மில்லிகிராம். அதே போத்தலுக்குள் போனது. அதே அட்டைப்படி மூன்று. நாளுக்குப் பதினைந்து மில்லிகிராம்.

 அட்டையை வெளிச்சத்துக்குச் சரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வட்டங்களுக்குக் கீழே, தேடினால் மட்டும் தெரிகிற மாதிரி, பென்சிலால் ஒரு ‘1’. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பேனையால் தொட அனுமதி இல்லாத ஒருத்தியின் கையெழுத்து.

ஒன்பது நாளுக்கு முந்தின அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. களஞ்சியத்தோடு தொலைபேசியில் சண்டை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் ரிசீவர். முன்னால் யாரோ வந்து ஓர் அட்டையை நீட்டி, “மிஸ், இதை ஒருக்கால்…” என்றது. அவள் நிமிரவில்லை. கையெழுத்தை மட்டும் பார்த்தாள். “அது நான் கீறினது. அதிலை பிழை வராது. திருப்பிக் குடுத்திட்டு யன்னலுக்குப் போ.”

மருந்தகத்துக்குத் திரும்புகிற நடைபாதையில் இரண்டு தரம் நின்றாள். அவளுக்கு வணக்கம் சொன்னவர்களை அவள் காணவில்லை.

ஆரபி யன்னலில் இல்லை. யாரோ அவளை உள்ளே அனுப்பியிருந்தார்கள். பின்னறையில் வெற்றுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிவேதனா அட்டையை மேசையில் வைத்தாள்.

“நீ ஏன் இதை எழுத இல்லை?”

ஆரபி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அறிக்கை எழுதுறது நீங்கள். அதுக்குள்ளை உங்களிலையே பிழை எண்டு நான் என்னெண்டு மிஸ் எழுதுறது? தப்பிறதுக்கு மற்றவையிலை போடுறாள் எண்டுதானே நினைப்பியள்.”

அப்படித்தான் நினைத்திருப்பாள். அது நிவேதனாவுக்குத் தெரியும். அந்த அறையில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு இல்லை என்று நினைத்தாள். அடுத்த நிமிஷம் ஆரபியே அடுத்ததைச் சொன்னாள்.

“மிஸ், அந்த நேரம் கனடாக் குளிசைக்கு வேறை ஆருக்கெல்லாம் அட்டை கீறினனீங்கள்?”

நிவேதனா கதிரையில் இருந்துவிட்டாள். பன்னிரண்டு பேர். ஒவ்வொரு முகமாக வந்து போனது. கொப்பிப் பதிவை இழுத்து, தங்கமுத்துவைத் தள்ளிப் பதினொரு போன் இலக்கம் எடுத்தார்கள். ஆரபி ஒரு போனில், நிவேதனா மற்றதில். வெளியே வரிசை முணுமுணுத்தது. ஒருவரும் யன்னல் பக்கம் திரும்பவில்லை.

நாலு பேரிடம் கனடாக் குளிசை இன்னும் முடியவில்லை. நாலு பேருக்கு வீட்டில் படித்த பிள்ளைகள், உறையை வாசித்து ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். ஒருவர் போன மாதமே கொழும்புக்கு மாறிவிட்டார், அட்டையை இங்கேயே எறிந்துவிட்டாராம். பத்தாவது, சாவகச்சேரிக் கனகரத்தினம். தனி மனுஷன், சந்தையில் புகையிலை வைத்திருப்பவர்.

“ஓம் பிள்ளை, புதுக் குளிசை நேற்றுத்தான் வந்தெடுத்தனான்” என்றார். “நேற்றுப் பின்னேரம் மூண்டு போட்டனான். இண்டைக்கு இனித்தான். ஏன், அட்டைப்படிதானே?”

அட்டையைக் கிழித்து எறியச் சொல்லி, இன்றைக்கு ஒன்றும் போடாமல் உடனே பஸ் ஏறி ரத்தம் பார்க்க வரச் சொன்னாள் நிவேதனா. அவர் பயந்துபோய், கடையை அப்படியே விட்டுவிட்டா வருவது என்று கேட்டார். ஆரபி போனை வாங்கி, கடையைப் பக்கத்தில் யாரிடம் விடலாம், எந்த பஸ்சில் ஏறலாம், வழியில் ரத்தம் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பத்து நிமிஷம் கதைத்தாள். நிவேதனா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றப் போனில் கடைசி இலக்கத்தை அழுத்தினாள்.

பதினோராவது போன் எடுபடவில்லை. கொக்குவில் முகவரி, நிவேதனாவின் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. அவள் பென்சில் பெயரை அழித்து, பேனையால் எழுதி, அட்டையை அறிக்கையோடு இணைத்து, அத்தியட்சகரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்த எழுதுநர் தாளை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு அவளைத் திருப்பிக் கூப்பிட்டார்.

“மிஸ், எழுதினவர், பொறுப்பானவர், ரெண்டு இடத்திலையும் உங்கடை பேர் கிடக்கு. மாறி எழுதிப்போட்டியளோ?”

“இல்லை” என்றாள் நிவேதனா. “வடிவாப் பார்த்துத்தான் எழுதினனான்.”

அவர் வாயைத் திறக்க முதல் ஸ்கூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கொக்குவிலுக்குப் போக இருபது நிமிஷம் பிடிக்கும்.